நாரை முகாமும் ஒரு கறுப்பு உருண்டையும்

எங்கள் ஏரிக்கரைக் கோடை முகாமின் வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. "இங்குள்ள ஒவ்வொரு ஆணியும் ஒரு சகோதரர் அடித்தது" என்று அதில் பொறித்திருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அது பொய்யில்லை. எங்கள் ஊர் ஆண்களின் 'நாரைகளின் சகோதர சங்கம்' அந்த நிலத்தை வாங்கியபோது அங்கே ஒரு மரம்கூட முழுசாக இல்லை. மரக் கம்பெனி எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு, வெட்டிய அடிமரங்களையும் கொசுவையும் மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த கோடையில் ஆண்களுக்கு வேறு வேலை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து எங்களிடம் திட்டு வாங்குவதைவிட அடிமரம் பிடுங்குவது மேல் என்று கிளம்பிவிட்டார்கள். பிழைக்கக் கப்பலேறி வந்த ஸ்லோவேனியர், ஃபின்லாந்துக்காரர், இத்தாலியர் எல்லாரும் சேர்ந்து, ஒருவன் பேசுவது மற்றவனுக்குப் பாதிதான் புரியும், அப்படியே கூடத்தைக் கட்டினார்கள், குடில்களைக் கட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். ஏரிக்குள் நீளும் துறைமேடைக்குக் கால்களாக நிற்பவை சுரங்கத்தின் பழைய தண்டவாளங்கள். அவை எப்படி முகாமுக்கு வந்தன என்று யாரும் கேட்டதில்லை. மின்கம்பியும் அப்படித்தான் வந்தது.

பெண்களான எங்களுக்குச் சங்கத்தில் இடமில்லை, சமையலறையில் உண்டு. உள்ளே சேருகிறவனை ஒற்றைக் காலில் நிற்க வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். சகோதரனைக் காட்டிக் கொடுக்கமாட்டேன், முகாமில் கூலிக்கு வந்தவன் கை படவிடமாட்டேன் என்று. தலைவருக்குப் பெயர் தலைநாரை. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று.

என் மகள் ஐரீன் அந்தத் துறைமேடையில்தான் நீந்தக் கற்றாள். பின்னால் மற்றவர்களின் குழந்தைகளுக்கெல்லாம் அவளே கற்றுக்கொடுத்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை, சனிக்கிழமை ஆனால் முகாம். ஏரியைக் குறுக்கே நீந்திப் போய் எதிர்க்கரையில் உட்கார்ந்து கையாட்டிவிட்டுத் திரும்பி வருகிறவள். அவள் அந்த மேடைக்குப் பக்கத்தில், நெஞ்சளவு தண்ணீரில் இறந்துபோனாள்.

முகாம் திறப்பு நாள் அது. பொழுது சாய்ந்து மேடை விளக்குகளை அப்போதுதான் போட்டிருந்தார்கள். ஐரீன் நடுத்தண்ணீரிலிருந்து மேடையை நோக்கி நீந்தி வந்தாள். மேடையின் இரும்பு ஏணிக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான். என்னோடு சமையலறையில் இருந்த ஃபிலோமினா, பாவாடையோடு தண்ணீரில் இறங்கி ஓடினாள். முழங்கால் ஆழத்திலேயே கால் மடங்கி விழுந்து தவழ்ந்து கரையேறினாள். கடைசியில் ஆண்கள் படகில் போய்த் துடுப்பால் இழுத்துத்தான் என் மகளைக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டுத் தசைப்பிடிப்பு என்றார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டா?"

முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தது. நான் செய்தது. அவளுக்கு உயிர். இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தாள். வால்நட் ரொட்டி வேறு.

போதாதா? நிறைந்த வயிற்றோடு நீந்தப் போனாள், அம்மாக்காரி விட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. தேவாலயத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைக் குத்தம் சொல்ல முடியுமா அமாலியா, பெத்தவ ஆசையா போட்டே" என்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அந்த வருடம் முழுக்க நான் அடுப்புப் பக்கம் போனாலே அழுகை வரும். என் கணவன் ஸ்டான்கோ தட்டில் எது வைத்தாலும் நகர்த்திவிடுவான். உருளைக்கிழங்கையும் காப்பியையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தான். முட்டைக்கோஸ் வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். இவனும் அதைத்தான் நினைக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

பனி விழ ஆரம்பித்தபோதுதான் ஃபிலோமினா வாயைத் திறந்தாள். இருவரும் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் உரித்துக்கொண்டிருந்தோம்.

"அமாலியா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னிக்கு நான் பயத்துல விழல. தண்ணிக்குள்ள கால் வெச்சதும் ஆயிரம் எறும்பு ஏறுன மாதிரி இருந்துச்சு. அப்புறம் கால் என் கால் இல்ல. இழுத்துப் புடிச்சுக்கிச்சு."

"குளிர்ந்த தண்ணி, அதான்."

"நான் இந்த ஏரியிலதான் துணி அலசுறேன். குளிர் எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒரு தடவை ஷாக் அடிச்சுது பாரு. அது மாதிரிதான். அதோட பெரிய அக்கா."

"இத்தனை மாசம் ஏன்டி சொல்லல?"

"எங்க ஆளுகிட்ட சொன்னேன். 'வாய மூடு, அந்தக் கரண்டு லைனை இழுத்தது ரெய்னோ, ரெய்னோ நம்ம பிரதர்'னான்."

கத்தியை மேசையில் வைத்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதிதான் வந்தது. நான் கொல்லவில்லை. என் சமையல் கொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அடுத்த நினைப்பு வந்தது. வரும் கோடையிலும் அதே விளக்குகளைப் போடுவார்கள். ஐரீன் நீந்தக் கற்றுக்கொடுத்த குழந்தைகள் அதே ஏணியைப் பிடிப்பார்கள்.

யாரிடம் போவது? டாக்டர் ஒரு நாரை. ஷெரிஃப் ஒரு நாரை. ஷெரிஃபிடம் போய்ச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "முகாம் விஷயத்தை முகாமுக்குள்ள பேசிக்கிறதுதான் நல்லதும்மா" என்றார். வெளியிலிருந்து ஒரு மின்சாரக்காரனைக் கூட்டி வரவேண்டுமென்றால் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். கூலிக்காரன் கை படக்கூடாது என்ற சத்தியத்தைத் தொடுகிற விஷயம் எதுவானாலும் உருண்டைப் பெட்டிக்குப் போகும். ஒவ்வொரு சகோதரனும் பெட்டியின் துளைக்குள் கைவிட்டு வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுவான். எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அத்தோடு தீர்ந்தது. யார் போட்டது என்று கேட்கவும் கூடாது.

அன்று மாலை ஸ்டான்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"ஃபிலோமினா எதையாவது உளறுவா."

"உளறலா இருந்தா இருக்கட்டும். ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ சங்கத்துல எழுந்து கேக்கணும். நான் கேக்க முடியாது, நீதான் கேக்கணும்."

"ரெய்னோ மனசு ஒடஞ்சுடும்."

"எனக்கு ஒடஞ்சது என்னடா? சட்டியா?"

ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தான். பிறகு, "கேக்குறேன்" என்றான்.

கேட்டான், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். வசந்த காலக் கூட்டத்தன்று நாங்கள் பெண்கள் கூடத்தின் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தோம். காப்பி நீட்டும் சிறு ஜன்னல் மூடியிருந்தாலும் பலகை மெல்லியது, எல்லாம் கேட்கும். ஸ்டான்கோவின் குரல் வந்தது. "சகோதரர்களே, என் மகளுக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தவன் பாதியில் உடைந்து அழுதான். ஆண்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. சுரங்கத்தில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருந்த ட்ரெவிக்தான் அப்போது தலைநாரை. அவரே எழுந்து போய் ஆறுதல் சொல்வது கேட்டது. ஃபிலோமினா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இது நடந்துவிடும் என்றே நினைத்தேன்.

உருண்டைகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம். பெட்டியைத் திறக்கும் சத்தம். அப்புறம் ட்ரெவிக்கின் குரல், தாழ்ந்துபோய்.

"பெட்டி இருண்டது. கறுப்பு ஒன்று."

காப்பிப் பாத்திரத்தை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்டான்கோ பின்னால் ஓடி வந்தான். காரில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். அவன் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. பாவம் என்று நினைத்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நான்! அவன் முதுகை!

கறுப்பு யாருடையது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் நேராக ரெய்னோவின் வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தான். மனைவி இல்லாதவன், வாய் அதிகம் பேசாதவன். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தான்.

"வா அமாலியா. திட்டத்தானே வந்திருக்கே? திட்டு."

"எதுக்குடா போட்டே? உன் பேர் கெட்டுடும்னா?"

"நான் வெள்ளை போட்டேன்."

"பொய்."

"என் அம்மா கல்லறை மேல சத்தியம். அந்த லைன் நான் இழுத்தது. அது உன் பொண்ணைக் கொன்னுச்சா இல்லையான்னு முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியவன் நான். ராத்திரி கண்ண மூடினா அந்த மேடைக்குக் கீழதான் போய் நிக்கிறேன். நான் இழுத்தப்போ அது சரியா இருந்துச்சு அமாலியா. குழாய்க்குள்ள போட்டுத்தான் இழுத்தேன். ஆனா வருஷா வருஷம் ஐஸ் நகரும்போது தண்டவாளத்தோட சேர்த்துக் குழாயையும் தேய்க்கும். வசந்தத்துல ஐஸ் கரைஞ்சதும் இறங்கிப் பாக்கணும். நான்தான் எப்பவும் பாப்பேன். போன வருஷம் முகாமைச் சரிபண்ற வேலை நாளன்னிக்கு முதுகு புடிச்சுப் படுத்துட்டேன். வேற ஆள் இறங்கினான்."

"யாரு?"

ரெய்னோ கோடாலியை எடுத்தான். திரும்ப வைத்தான். கண்ணில் தண்ணீர்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான்.

"ஒத்தைக் கால்ல நின்னுட்டு பண்ணின சத்தியம்! தூ!" என்று அவன் வாசலிலேயே துப்பிவிட்டு வந்தேன். அவன் யாரைக் காப்பாற்றுகிறான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என் முன்னாலேயே வைத்திருந்தார்கள், நான் சோற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திறப்பு நாள் வந்தது. கொடி, பாண்டு வாத்தியம், பீர் பீப்பாய்கள். வழக்கம் என்னவென்றால், தலைநாரை நாலு வார்த்தை பேசி மணி அடிப்பார், குழந்தைகள் ஓடிப்போய் மேடையிலிருந்து குதிப்பார்கள். நான் காலையிலேயே போய் மேடையின் கரைமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சமையலறையில் அடுப்பு மூட்டவில்லை. ஃபிலோமினாவும் மற்றப் பெண்களும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு என் பின்னால் வந்து நின்றார்கள். எல்லாரும் நான் சொன்னதை நம்பினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாருக்கும் குழந்தைகள் இருந்தார்கள்.

ட்ரெவிக் பட்டையும் பதக்கமுமாக வந்தார்.

"அமாலியா, எந்திரிம்மா. பிள்ளைங்க காத்துட்டிருக்கு. உன் துக்கம் எங்களுக்குப் புரியுது."

"துக்கம் என்னோடது, நான் பாத்துக்கிறேன். விளக்கைப் போடுங்க."

"பட்டப்பகல்ல எதுக்கு விளக்கு?"

"என் பொண்ணு செத்தப்போ விளக்கு எரிஞ்சுது. இப்பவும் எரியட்டும். எரியறப்போ உங்கள்ல ஒரு பிரதர் இறங்கி அந்த ஏணியைப் புடிக்கட்டும். ஒருத்தர் போதும். அப்புறம் பிள்ளைங்க குதிக்கட்டும். நான் அடுப்படிக்குப் போயிடறேன், சாகற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

பாண்டு வாத்தியம் நின்றது. தலைநாரை திரும்பி மற்ற நாரைகளைப் பார்த்தார். சுரங்கத்தில் தலைக்கு மேல் பாறை முறியும்போதும் வாயில் புகையிலையை மென்றுகொண்டு நிற்கிறவர்கள் அத்தனை பேரும். ஒருவரும் அசையவில்லை. அந்தத் தண்ணீரில் மின்சாரம் இருக்கும் என்று அத்தனை பேருக்கும் உள்ளுக்குள் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் இறங்குறேன்" என்று ரெய்னோ சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவனை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஸ்டான்கோ வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே தண்ணீருக்குள் நடந்தான். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அமாலியா, நீ போடு. வேற யாரும் போடக் கூடாது. நீ போடு."

சுவிட்ச் பெட்டி கரையிலிருந்த கம்பத்தில் இருந்தது. எழுந்து போனேன். கதவைத் திறந்து கைப்பிடியில் கை வைத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அங்கிருந்து அவன் முகத்தைப் பார்த்தேன். எதுவும் நடக்காது என்று நம்பி நிற்கிறவனின் முகம் இல்லை அது. நடக்க வேண்டும் என்று நிற்கிறவனின் முகம்.

"ஸ்டான்கோ," என்றேன். "நீயா?"

"போடு."

"கறுப்பு உன்னுதா?"

"என்னுதுதான். போன வருஷம் வசந்தத்துல கீழ இறங்கினதும் நான்தான். ஐஸ் தேச்சு கம்பி வெளிய தெரிஞ்சுது. டேப் சுத்தினேன். வேலை முடிஞ்சு பீர் உடைச்சுட்டாங்க, எல்லாரும் கூப்பிட்டாங்க. நல்லா சுத்தியிருக்கேன், தாங்கும்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி ஐரீனை வெளிய எடுத்தப்பவே எனக்குத் தெரியும். போடு அமாலியா. நீ போடலேன்னா நானே வந்து போட்டுட்டு மறுபடி இறங்குவேன்."

கையில் கைப்பிடி குளிர்ந்திருந்தது. போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? டேப் சுற்றினதற்காக இல்லை. எவன் கையும் தவறும். என் கண்முன் நின்றது வேறு. தேவாலயத்தில் ஒவ்வொருத்தியாக என் கையைப் பிடித்து, "ஆசையா போட்டே" என்று சொன்னபோதெல்லாம் இவன் என் பக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வருஷம்," என்றேன். "சாப்பாடு கொன்னுச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நான் அடுப்பைப் பாத்துப் பாத்து அழுதேன். நீ தட்டை நகத்தினே. நீயும் அதைத்தான் நெனக்கிறேன்னு நான் நெனச்சேன்டா."

அவன் ஏணியை இன்னும் இறுகப் பிடித்தான். உதடு நீலமாகிவிட்டிருந்தது, குளிரில்.

நான் கைப்பிடியை விட்டேன். பெட்டிக்குள்ளிருந்த ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"உனக்குச் சாவு வேணும்னா வேற எங்கயாவது போய்க் கேளு. என் கையால கிடைக்காது. வீட்டுக்கு வா."

ரெய்னோவும் ட்ரெவிக்கும் இறங்கி அவன் விரல்களை ஏணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கி வந்தார்கள். பெண்கள் குழந்தைகளுக்குத் துண்டு போர்த்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கோடையில் யாரும் அங்கே குதிக்கவில்லை.

டுலூத் நகரத்திலிருந்து மின்சாரக்காரன் வந்தான். இந்தத் தடவை பெட்டியும் இல்லை, உருண்டையும் இல்லை. மேடைக்குக் கீழே படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவிழ்ந்து தொங்கிய ஒரு கறுப்பு டேப் துண்டை ட்ரெவிக்கின் கையில் கொடுத்தான். கம்பி தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். டாக்டரும் ஷெரிஃபும் அது விபத்துதான் என்று திரும்பவும் எழுதிக்கொண்டார்கள். சாப்பாடு என்று சொன்ன ஒருவரும் வந்து, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்லவில்லை. சகோதரர்கள் ஐரீன் நினைவாகக் கரையில் ஒரு கல் பெஞ்சு கட்டினார்கள், வழக்கம்போல் தங்கள் கையாலேயே. நான் அதில் உட்கார்ந்ததில்லை.

ஸ்டான்கோவைச் சங்கத்திலிருந்து நீக்கவில்லை. சகோதரன் அல்லவா. அவனாகவே போவதை நிறுத்திவிட்டான். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வேறு எங்கே போவது?

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸ் இலையை வேகவைத்து, இறைச்சியும் அரிசியும் பிசைந்து, சுருட்டி அடுக்கினேன். அடுப்பைப் பார்த்து அழவில்லை. வாசனை வந்ததும் அவன் எழுந்து கதவுப் பக்கம் போனான்.

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். ஐரீனுக்கு வைத்த அளவு வைத்தேன், இரண்டு தட்டு. அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பவும் முள்கரண்டியை எடுத்தான். இரண்டாவது தட்டும் காலியானது.

"உயிரோடதானே இருக்கே?" என்று கேட்டேன்.

தலையாட்டினான். நான் தட்டுகளைக் கழுவப் போனேன்.